வெட்டாமல் வந்த சிலிண்டர்

செவ்வாய், ராத்திரி

சாத்தாங்காட்டுல நான் எடை போடுற பழைய இரும்பு குடோனுக்கு இன்னிக்கு வந்த லோடுல ஒரு சிலிண்டர் இருந்தது. ரெண்டா வெட்டின சிலிண்டரைத்தான் வாங்குவோம். இது முழுசா இருந்தது. வால்வாண்ட லேசா கேஸ் வாடை.

போலீஸுக்குச் சொல்லலாம்னு நான்தான் சொன்னேன். முதலாளி, "போலீஸ் வந்து குடோனுக்கு சீல் வெச்சா எப்போ தொறப்பாங்கனு தெரியுமாம்மா?"ன்னார். வாசல்ல டீக்கடை வெச்சிருக்கிற மல்லிகாக்கா, "எங்க வூட்டு அடுப்பும் இந்த குடோன நம்பித்தான் கீது, கம்முனு இரு"ன்னுச்சு. இரும்பு பிரிக்கிற பொம்பளைங்க, மீன்பாடி வண்டில லோடு ஏத்தினு வர்றவங்க எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிட்டாங்க. இந்த குடோனை விட்டா எனக்கு மட்டும் வேற வேலை இருக்குதா? காலையில திருப்பி அனுப்பிக்கலாம்னு பின்சுவரோரமா தள்ளி, ஈரச் சாக்கு போட்டு மூடினோம்.

வூட்டுக்கு வந்து சோத்துல கை வெச்சப்பதான், ராத்திரி காவலுக்கு வர்ற தாத்தாகிட்ட யாரும் சொல்லலைனு உறைச்சுது. போன் போட்டேன்.

"ஒரே கொசும்மா. பின்சுவராண்ட குப்பையக் கொளுத்தி வெச்சிகினு படுத்துகீறேன்."

ரோட்டுக்கு ஓடச் சொன்னேன். அவர் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள போலீஸுக்கு அடிச்சு இடத்தையும் சொல்லிட்டேன்.

தாத்தா இப்பதான் பேசினார். ஒண்ணும் ஆகல. போலீஸ் வந்து நெருப்ப அணைச்சு, அவரையும் கூடின ஜனங்களையும் வெளிய நிக்க வெச்சு, கேட்டைப் பூட்டி சீல் வெச்சிகினு இருக்காங்களாம்.

விடியறதுக்கு முன்னாடியே மல்லிகாக்கா எங்க எல்லாருக்கும் சேர்த்துப் பால் வாங்கும். நாளைக்கு வாங்காதேனு சொல்ல நம்பரை எடுத்தேன். அடிக்க முடியல.