குடும்பச் சூழ்நிலை காரணமாக

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் நலம், நீயும் நலம் என்று எழுதியிருந்தாய், அதைப் பாதிதான் நம்பினேன். கல்லூரியை விட்டு நிற்பதற்கு நீ அனுப்பிய படிவம் செவ்வாய்க்கிழமை வந்தது. பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் நீ போட்ட பெருக்கல் குறியையும் பார்த்தேன். உடனே அனுப்பச் சொல்லியிருக்கிறாய், ஆனால் கண்ணாடிக் கடையில் இந்த வாரம் ஒரே கூட்டம், பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதாம், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் கண் மங்கிவிட்டது, நாள் முழுக்க நின்று பிரேம் எடுத்துக் காட்டிவிட்டு ஆறு மணிக்கு மாலைக் கல்லூரிக்கு ஓடி, வீடு வந்து சேரும்போது கால் இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அப்பாவுக்கு முட்டியில் ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது. நேற்று பஸ் நிறுத்தம்வரை நடந்துபோய் வந்து, அங்கே உட்கார இடமில்லை என்று என்னிடம் சண்டை போட்டார், நான்தான் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி. தம்பி சாப்பிடுகிறான், தூங்குகிறான், கேட்டால் படிக்கிறேன் என்கிறான். நம் குடும்பச் சூழ்நிலை இவ்வளவுதான். நிற்பதற்கான காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று நீ எழுதியிருந்ததால்தான் இத்தனை விவரமாக எழுதுகிறேன்.

கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டுப் பிறகு படிக்கிறேன், நீயே நாற்பத்துமூன்று வயதில் போய்ச் சேரவில்லையா என்று மடக்கியிருக்கிறாய். சேர்ந்தேன்தான். முதல் நாள் வாசலில் காவலாளி எந்தப் பிள்ளையைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். வகுப்பில் எல்லாரும் ஆன்ட்டி என்கிறார்கள், நோட்ஸ் மட்டும் உரிமையோடு வாங்கிக்கொள்கிறார்கள். இன்று படித்தது நாளைக்கு என்னைத் தெரியாத மாதிரி போகிறது. அலுப்பாக இருக்கிறது, ஆனால் அவமானமாக இல்லை. திரும்பிப் போக முடியும் பாப்பா. எனக்கு ஏன் இருபது வருஷம் ஆனது என்று நீ கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

நீ வயிற்றில் வந்ததால் படிப்பை விட்டேன் என்று உனக்கும் ஊருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அது உண்மை இல்லை. நான் நின்று நான்கு மாதம் கழித்துதான் நீ வயிற்றில் வந்தாய். புள்ளியியல் ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை, காலையில் எழுந்து புறப்பட வேண்டுமே என்று நினைத்தாலே அழுகை வரும். கல்யாணமாகி ஒரு வருஷம்தான், உன் அப்பாவிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. நானும் உன்னைப் போலவே குடும்பச் சூழ்நிலை என்றுதான் எழுதிக் கொடுத்தேன், அலுவலகத்தில் இருந்தவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் முத்திரை குத்தினார். பிறகு நீ வந்தாய், எனக்கு நல்ல காரணமாகப் போயிற்று, சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். திரும்பப் போய் மறுபடி தோற்றால் யார்மேல் பழி போடுவது என்ற பயத்திலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. நீ ஊரைவிட்டுப் போன பிறகுதான் துணிந்து சேர்ந்தேன். போன மாதம் அதே புள்ளியியலில் தோற்றேன். ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் கடைக்குப் போய் பிரேம் எடுத்துக் காட்டினேன்.

உனக்கு ஒன்பது வயது இருக்கும், ஒருநாள் நாம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நான் பொறக்காம இருந்திருந்தா நீ பாஸ் பண்ணியிருப்பியாம்மா என்று கேட்டாய். போர்வையின் அந்த முனையைச் சரியாகப் பிடி என்றேன். நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவம், அந்தக் கொழந்தமேல பழியப் போட்டுட்டியே என்றார்.

நிற்காதே என்று நான் சொல்லவில்லை. பாடம் புரியவில்லையோ, மனசு சரியில்லையோ, வெறும் அலுப்புதானோ, கல்லூரிக்கு நீ என்ன வேண்டுமானாலும் எழுதிக் கொடு, எனக்கு மட்டும் உள்ளதை எழுது. அது வந்த அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். வீட்டுக்கு வா, படுத்துத் தூங்கு, யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்வார், எடுக்காமல் விடாதே. எங்கே இருந்தாலும் மனசு நிறைந்து நன்றாக இரு. நீ அன்றைக்குக் கேட்டதற்கு, நீ பிறக்காமல் இருந்திருந்தாலும் நான் பாஸ் ஆகியிருக்க மாட்டேன், கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா