சொந்தக் காரணம்

ஜூன் 3

சிபாரிசுக் கடிதம் கேட்டேன், பேராசிரியர் கல்வர் முடியாது என்று சொல்லிவிட்டார். முடியாது என்றுகூடச் சொல்லவில்லை. "எழுதறேம்மா, ஆனா வலுவான கடிதம்னு வாக்குக் கொடுக்க முடியாது. இருநூறு பேர் உக்காந்திருந்த வேதியியல் வகுப்பு. நீங்க ஏ வாங்கினது தெரியுது. முகம்தான் ஞாபகம் வரல."

"வலுவான கடிதம் தர முடியுமா" என்றுதான் கேட்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். அப்படிக் கேட்டால், சப்பென்று நாலு வரி எழுதி நம்மைக் கவிழ்க்க மாட்டார்களாம். சரி, கவிழ்க்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்து காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் குத்தினேன். ஹாரன் அலறியது.

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க மூன்று கடிதம் வேண்டும். பாடம் நடத்திய அறிவியல் ஆசிரியர்கள் இருவர், கூட வேலை பார்த்த டாக்டர் ஒருவர். உயிரியல் ஆசிரியரின் கடிதம் மட்டும் வந்திருக்கிறது. நுழைவுத் தேர்வு மதிப்பெண் இந்த வருடம் வரைதான் செல்லும். இந்தத் தடவை தவறினால் மறுபடி அந்தத் தேர்வு, இடுப்பில் குழந்தை ஐடாவோடு. மாட்டேன். என்னால் முடியாது.

ஜூன் 6

டாக்டர் ஆஸ்டர்மனிடம் கேட்டேன். கிளினிக்கில் அவர் நோயாளிகளைப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. ஒரே வார்த்தையில் சரி என்றார். சந்தோஷம் ஒரு நிமிஷம்தான்.

"என்ன எழுதணும்னு யோசிச்சே வச்சிருக்கேன், பிரிட்டா. மருந்து வைக்கிற அறையில நின்னுக்கிட்டு குழந்தைக்குப் பம்ப்ல தாய்ப்பால் எடுத்து வச்சிட்டு, அடுத்த பேஷன்ட் உள்ள வர்றதுக்குள்ள வந்து உக்காருவியே, அதுலதான் ஆரம்பிக்கப் போறேன். படிக்கிறவங்களுக்குக் கண்ணு கலங்கும்."

யாருக்குக் கண் கலங்க வேண்டும்? ஒரு நோயாளி இரண்டு மருந்தைச் சேர்த்து விழுங்குகிறார் என்று நான் கவனித்துச் சொன்னேனே, அது ஞாபகம் இல்லையா?

குழந்தையைப் பற்றி வேண்டாமே என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

ஜூன் 7

நோலனிடம் சொன்னால் தோளைக் குலுக்குகிறான். "இரக்கமோ பாராட்டோ, உள்ள விட்டா சரி."

"பிள்ளை இருக்குன்னு உன்னைப் பத்தி யாராவது எழுதுவாங்களா? நீயும் அப்பன்தானே?"

"என்னைப் பத்தி எழுதினா, டயப்பரைத் திருப்பி மாட்டுறான்னு எழுதுவாங்க."

சிரித்துத் தொலைத்தேன். சிரித்ததற்காக இன்னும் கோபம்.

அவனுக்குப் புரியவில்லை. அந்த வரியைப் படிக்கிற ஆள் முதலில் கண் கலங்குவார். அடுத்து, இவள் நடு இரவு டியூட்டி பார்க்கும்போது குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று நினைப்பார். கேட்க மாட்டார். நினைப்பார். வேறு பெயரை எடுத்துக்கொள்வார்.

ஜூன் 8

ஐடாவுக்குக் காய்ச்சல். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 10

பாக்கி இருப்பது ஒரே ஒரு அறிவியல் ஆசிரியர். இயற்பியல், ட்வைட். நினைத்தாலே பல்லைக் கடிக்கிறேன். அந்த டிசம்பரில் கடைசித் தேர்வை ஒரு வாரம் தள்ளித் தரச் சொல்லி எழுதிக் கேட்டேன். மறுத்துவிட்டார். நிறைமாத வயிற்றோடு, நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவில் நுழைய முடியாமல், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து எழுதினேன். நாலாம் நாள் ஐடா பிறந்தாள். பி மைனஸ். அந்தப் பொம்பளையிடமா போய் நிற்பது?

ஜூன் 12

போய் நின்றேன்.

வலுவான கடிதம் தர முடியுமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார்.

"முதல் டெஸ்ட்ல நாலாம் கேள்விக்கு மார்க் கேட்டு வந்து சண்டை போட்டவங்கதானே? தப்பு உங்க மேல. அடுத்த வாரம் திரும்பி வந்து, ஆறாம் கேள்வியே தப்புன்னு சொன்னீங்க. அதுல தப்பு என் மேல. பதினெட்டு வருஷமா கேட்டுக்கிட்டிருந்த கேள்வி. அதை எழுதறேன். போதுமா?"

போதும். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. குழந்தை பிறக்கிற நேரத்திலாவது ஒரு வாரம் தள்ளித் தந்திருக்கலாமே என்றேன்.

"எந்தக் குழந்தை?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். "குளிருக்குப் போட்ட தடிக் கோட்டுன்னு நினைச்சேன். நம்ம டுலூத் ஊர்ல டிசம்பர்ல எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க." பிறகு, "நீங்க சொந்தக் காரணம்னு மட்டும் எழுதியிருந்தீங்க. டிசம்பர்ல வகுப்புல பாதிப் பேருக்குச் சொந்தக் காரணம் வந்துடும்."

அப்படித்தான் எழுதியிருந்தேன். யாரிடமும் கெஞ்சுகிற மாதிரி இருக்கக்கூடாது என்று.

ஒன்றரை வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த மனுஷி என் வயிற்றைப் பார்க்கவே இல்லை. அழுவதா சிரிப்பதா? அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஜூன் 20

மூன்றும் வந்துவிட்டன என்று திரையில் காட்டுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை. பார்க்கும் உரிமை வேண்டாம் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டாயிற்று. அப்படி ஒப்புக்கொள்ளாவிட்டால் கடிதத்தை யாரும் நம்ப மாட்டார்கள். என்னைப் பற்றி எல்லோரும் படிப்பார்கள், என்னைத் தவிர.

டாக்டர் ஆஸ்டர்மன் இன்று கிளினிக்கில் கடிதத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பால் எடுக்கப் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 29

இரண்டு கல்லூரிகள் மறுப்பு. ஒரே மாதிரி வாசகம்.

அக்டோபர் 14

வேறொரு கல்லூரியில் நேர்காணல் முடிந்தது. பார்த்தவர் வயதானவர், இதய மருத்துவர். முக்கால் மணி நேரம் பேசினோம். இரண்டு மருந்தைச் சேர்த்து விழுங்கியவரை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார். அந்தச் சங்கதி என் விண்ணப்பத்தில் எங்கும் இல்லை. டாக்டர் ஆஸ்டர்மனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் அவர் எழுதியது அதைத்தான் என்று நினைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன்.

கடைசியில், "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

சொல்ல வேண்டாம் என்றுதான் வழி நெடுக நினைத்துக்கொண்டு போனேன். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்றேன்.

"அப்படியா? இதுல எங்கயும் படிச்ச ஞாபகம் இல்லையே." தாள்களை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "பேர் என்ன?"