கலந்து பேசிச் சொல்றோம்

21.2.99, ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். என்னைப் பெண் பார்க்க வந்தார்கள், உசிலம்பட்டியிலிருந்து. கேசரி, பஜ்ஜி, காபி. மாப்பிள்ளை பெயர் செல்வம். உரக்கடை வைத்திருக்கிறார்.

அவர் அம்மா கேட்டவை: சமைப்பியா? கிளினிக்கில் என்ன வேலை? (டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது.) அக்கா வீட்டுக்காரருக்குச் சொந்த வீடா? பிடித்திருக்கிறதா என்று மட்டும் என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். பஜ்ஜியில் மிளகாயைக் கடித்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு, "நல்லாருக்கு" என்றாரே, அங்கேயே பிடித்துவிட்டது.

கிளம்பும்போது அவர் அம்மா: "கலந்து பேசிச் சொல்றோம்." எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம், வேண்டாம். ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

22, திங்கள்

தரகரைப் பார்க்க அப்பா கிளம்பினார். வாசலில் வைத்து அம்மா, பதற்றத்தில், "எங்க போறீங்க?"

அவ்வளவுதான். "போறவன எங்கன்னு கேட்டுட்டியே, இனி காரியம் வெளங்குமா?" செருப்பைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், படித்த பேப்பரையே மறுபடி படித்தார். போகவே இல்லை. அவர் எங்கே போகிறார் என்று எங்கள் கே.கே. நகருக்கே தெரியும். பிறகு ஏன் கேட்டாள்? கேட்டதில் என்ன கெட்டுவிட்டது?

கிளினிக்கில் இன்று இதே நினைப்பு. டாக்டர் உள்ளே பேசுவது வெளியே கேட்கிறது, என்னிடம் வந்து "டாக்டர் இருக்காரா?" தலையில் கட்டோடு உட்கார்ந்திருப்பவரிடம், "என்னண்ணே, அடியா?" ஆயா முத்தம்மாக்கா வந்ததும் வராததுமாக, "சாப்டியா?" மணி பதினொன்று, அது எந்த வேளைச் சாப்பாடோ. "ஆச்சுக்கா" என்றேன், பச்சைப் பொய். அவர் பதிலைக் காதில் வாங்கவும் இல்லை. ஆனால் அவர் கேட்காத நாளில் எனக்கு என்னவோபோல் இருக்கும்.

23, செவ்வாய்

கிளினிக் போன்.

"டாக்டர் இருக்காங்களா?"

"இருக்காங்க. டோக்கன் போடவா?"

"இல்ல... நான் செல்வம். எங்கம்மா நெசமாவே சித்தப்பாகிட்ட கலந்துக்கத்தான் அப்படிச் சொன்னாக. பேசியாச்சு, எல்லாருக்கும் சம்மதம். உங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு கேக்காம வந்துட்டோமே. கடை நம்பர் குறிச்சுக்கங்க."

குறித்துக்கொண்டேன். எதிரே டோக்கனுக்கு ஒரு கூட்டமே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"சரிங்க." குரலே இறங்கிவிட்டது. வைத்துவிட்டார்.

அட மக்கு. நான் சொன்னதற்கும் ஊரில் ஒரே அர்த்தம்தானே.

24, புதன்

மதியம் எஸ்.டி.டி. பூத். கதவைச் சாத்திக்கொண்டேன். 'பிடிச்சிருக்கு', ஒரே வார்த்தை, வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது. அவரே எடுத்தார். என் வாயில் வந்தது:

"சாப்டீங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்பு.

"இன்னும் இல்ல. நீங்க?"

நானும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.