உன் அம்மாவையே கேள்

அன்புள்ள மகனுக்கு, நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீங்கள் அங்கே எங்களைவிட நன்றாகவே இருப்பீர்கள் என்று தெரியும், இருந்தாலும் கேட்டு எழுதுவது முறை.

நீ அனுப்பிய முதியோர் இல்லத்துப் படங்களைப் பார்த்தேன். பூந்தொட்டிகள் அழகு, அதில் ஒன்றில் உன் அம்மாவையும் நட்டுவைக்கலாம் என்று நினைத்தாய் போலும். மூளையில் இருந்த கட்டியை எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, தையல் பிரித்த இடத்தில் இப்போதுதான் முடி முளைக்கிறது. தானே நடக்கிறாள், தானே குளிக்கிறாள், சொல்தான் சட்டென்று வருவதில்லை. தண்ணீர் கேட்க நினைத்தால் கத்தரி என்கிறாள். உன் அத்தை வந்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் அவளிடம் கத்திவிட்டு, அண்ணிக்குப் புத்தி போய்விட்டது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். போனது யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம், உதவி என்று நினைத்து, நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஐயா, வைத்தியம் உங்களுக்கா, அவங்களுக்கா?" என்று கேட்டுவிட்டாள். யாரிடமும் கைகட்டி நிற்காமல் பழைய சட்டைகளைப் பிரித்துப் பார்த்தே தையல் கற்றவன் நான், எனக்கு அந்தச் சின்னப்பெண் பாடம் எடுக்கிறாள். அவள் சொன்னது சரிதான், அதை அவளிடம் சொல்லப்போவதில்லை. அன்றிலிருந்து உன் அம்மா வாயெடுத்தாலே நான் நாலு குண்டூசியை உதட்டில் கடித்துக்கொண்டு துணியை மடிக்கிறேன். நாற்பது வருடமாக அவள் பேச்சை நான்தான் முடித்துவைத்திருக்கிறேன் என்பது ஊசி உதட்டில் இருக்கும்போதுதான் தெரிகிறது. நீயும் எனக்குப் பிறந்தவன்தானே. போன ஞாயிறு போனில், "அம்மாவுக்கு அங்க போகச் சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்கப்பா" என்றாய். ஸ்பீக்கரில் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், பதில் சொல்லவும் தொடங்கினாள், அதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். நீ கேட்காமல் போன பதிலை எழுதுகிறேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஒரு பேண்டின் இரண்டு கால் மடிப்பும் முடிந்துவிட்டது. "போக மாட்டேன். நான் இல்லன்னா... இவர் வெட்டுறதெல்லாம்... கோணல்." சொல் ஒன்றுகூடத் தப்பவில்லை, கருத்துதான் தப்பு.

இனி அந்தப் படங்களை அனுப்பாதே. ஞாயிறு கூப்பிடும்போது என்னைக் கேட்காதே, அவளைக் கேள், கேட்டுவிட்டு எவ்வளவு நேரமானாலும் வாயை மூடிக்கொண்டு இரு. மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி, உனக்கும்தான். இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு வரியை அடிக்கச் சொன்னாள். நான் அடிக்கவில்லை. எந்த இரண்டு வரி என்று அவளே சொல்வாள், காத்திருந்து கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா