மிதியடிக்கு அடியில் ஈரம்

நவம்பர் 11, செவ்வாய். இரவு.

இன்று நான் செய்தது சரியா என்று தெரியவில்லை.

குரோம்பேட்டையில் நான் வண்டி துடைக்கும் பழைய கார் கடைக்கு ஓர் அக்கா வந்தார். பம்மலில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். எலக்ட்ரிக் காரா, பக்கத்தில் நின்ற, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் பெரிய ஹைபிரிட் வண்டியா என்று அவருக்குக் குழப்பம்.

“பேட்டரி வண்டியே எடும்மா. பெட்ரோல் பேஜாரே கெடையாது. அந்த ஹைபிரிட்டு பழசு, வெலையும் ஜாஸ்தி,” என்றார் ஓனர் அண்ணா.

இரண்டையும் தினமும் கழுவுகிறவள் நான். ஹைபிரிட்டின் கதவு கனமாக மூடும். உள்ளே ஒரு சொட்டு வராது. எலக்ட்ரிக்கில் கதவு ரப்பர் சரியாக உட்காராது. மழை நாட்களில் உள்ளே வரும் தண்ணீரை உறிஞ்ச, கால் மிதியடிக்கு அடியில் செய்தித்தாள் விரிப்பது என் வேலை. அண்ணாதான் விரிக்கச் சொல்வார்.

துடைப்பதுபோல் போய், எலக்ட்ரிக்கின் பின்கதவைத் திறந்து மிதியடியைத் தூக்கினேன். தாள் கஞ்சியாய் ஊறியிருந்தது.

“இன்னாண்ணா, உள்ளயே ஏரி கீது!” என்று அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “புள்ளைங்க கால் வைக்கிற எடம்ணா இது.”

ஹைபிரிட்டின் கதவை இரண்டு தடவை மூடிப் பார்த்துவிட்டு, எதையும் எடுக்காமல் போய்விட்டார்.

அண்ணா திட்டவில்லை. பத்தாவதோடு நின்ற எனக்கு வேலை கொடுத்தவர். இரண்டு மாதமாக அந்த எலக்ட்ரிக் காரை வேறு யாரும் கேட்கவில்லை. “நீயாம்மா இப்டி பண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

திட்டியிருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. எட்டு மணிக்குப் போய் நிற்கப் போகிறேன்.