இழுப்பறையில் இல்லாத அலை

3 அக்டோபர் 1983, திங்கள் இரவு

பெரினா அக்காவுக்கு,

டிங்கா எழுதுகிறேன். ஃப்ரானேயின் மகள். பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். கிழிப்பதானாலும் கடைசி வரிவரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

இதைத் தபாலில் போட முடியாது. நம் தீவில் தபால் அலுவலகம் என்றால் அது என் பெரியம்மா மண்டீனாதான்; உங்களுக்குத் தெரியாததா? கெடு தாண்டிய புத்தகத்துக்கு நூலகம் அனுப்பும் நினைவூட்டல் அட்டையைக்கூட ஜன்னலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி வாசித்துவிட்டுத்தான் தருவாள். அதனால் இந்தப் புத்தகத்தின் பின்னட்டைப் பைக்குள் வைக்கிறேன். பள்ளியின் கடன் புத்தகப் பெட்டிக்கு நான்தான் பொறுப்பு. அது செவ்வாய்தோறும் கப்பலில் நகரம் போய் வெள்ளிக்கிழமை திரும்புகிறது. அது போய்ச் சேரும் கடல் ஆய்வு நிலையத்து நூலகத்தில், கடன் பிரிவில் நீங்கள் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அப்பா கைதாகி நாலாவது மாதம். டிசம்பர் 12 விசாரணை. அம்மா ஜெர்மனியில் பிஸ்கட் தொழிற்சாலையில் இருக்கிறாள். பெரியம்மா பக்கத்தில் நிற்காமல் அவளோடு போனில் பேச முடியாது. நான் பெரியப்பா வீட்டில்தான் இருக்கிறேன். துறைமுக அதிகாரியாக அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் இரண்டே வரிகள்: கடல் அமைதியாக இருந்தது. ஃப்ரானே படகைக் கட்டிய கயிறு குட்டை.

அக்கா, கடல் அமைதியாக இல்லை. நான் பார்த்தேன். காற்று இல்லை, நிலம் நடுங்கவில்லை. ஆனாலும் விரிகுடாவில் தண்ணீர் வடிந்து போய், பிறகு சுவர் மாதிரி திரும்பி வந்தது. அதைச் சொன்ன இரண்டு கிழவர்களையும் அரசு வக்கீல், "எத்தனை குவளை உள்ள போச்சு?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார்.

உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உலகத்தில் வேறெங்காவது கடல் இப்படிச் செய்ததாக யாராவது எழுதியிருக்கிறார்களா? எழுதியிருந்தால் அது உங்கள் நூலகத்தில் இருக்கும்.

உங்கள் அப்பாவைப் பறிகொடுத்த வீட்டிடம் இதைக் கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்க வேறு யாருமில்லை.

டிங்கா

•

13 அக்டோபர்

டிங்கா,

உன் கடிதத்தைப் புத்தகத்தோடு சேர்த்து இரண்டு நாள் அலமாரியிலேயே விட்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் எடுத்தேன்.

யார் நூலகக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்வது என் வேலை. மன்னிப்பது என் வேலையில் சேராது. இதை முதலிலேயே தெரிந்துகொள்.

அட்டைப் பட்டியலில் "அலைகள்", "வெள்ளம்", "நிலநடுக்கம்", "ஓதம்" என்று நான்கு இழுப்பறைகளைப் பார்த்துவிட்டேன். நானூறு அட்டைகளுக்கு மேல் இருக்கும். நீ சொல்வது எதிலும் இல்லை. புயல் இருந்தால் வெள்ளம் இருக்கிறது, நடுக்கம் இருந்தால் பேரலை இருக்கிறது. இரண்டும் இல்லாமல் எதுவும் இல்லை.

கேள்வி சரியாக இருந்தால்தான் தேட முடியும். என்ன பார்த்தாய், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, எவ்வளவு உயரம்? அழுகையெல்லாம் வேண்டாம்.

பெரினா

•

17 அக்டோபர், திங்கள் இரவு

பெரினா அக்காவுக்கு,

அழாமல் எழுதுகிறேன்.

ஜூன் 22, புதன். இரவு வேலை முடியும் நேரத்தில் அப்பாவுக்கு ரொட்டியும் உப்புமீனும் கொண்டுபோனேன். நாலரை மணி இருக்கும். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. மீன் தொழிற்சாலைப் படகுத்துறையில் அப்பாவும் சிமுன் மாமாவும் மட்டும்தான் இருந்தார்கள். திடீரென்று படகுகள் சாயத் தொடங்கின. தண்ணீர் சத்தமே இல்லாமல் வடிந்தது. சேற்றில் நண்டுகள் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றன.

சிமுன் மாமா இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "டேய் ஃப்ரானே, உன் கடல யாரோ ஒரே மடக்குல குடிச்சிட்டாங்கடா!"

அப்பா சிரிக்கவில்லை. "சிமுன், எறங்காத. எனக்கு இது பிடிக்கல."

"படகு பாறையில உக்காந்துடும்டா. ஒரு தள்ளு தள்ளிட்டு வந்துடறேன். நீ அந்த ரொட்டிய எனக்கும் கொஞ்சம் வையி."

இறங்கிவிட்டார். அப்பா "மேல ஏறுடா, ஏறுடா" என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. தண்ணீர் வந்த வேகத்தில் துறையின் மேல்படியும் மூழ்கியது. அதாவது வழக்கத்தைவிட ஓர் ஆள் உயரம். படகு மேலே எழும்பியது, கயிறு விறைத்து அறுந்தது, படகு சுவரில் வந்து மோதியது. நடுவில் மாமா. அதன்பின் கடல் இன்னும் இரண்டு முறை வடிந்து ஏறியது. ஒவ்வொன்றுக்கும் இடையே கால் மணி நேரம் இருக்கும்.

கயிறு குட்டையில்லை அக்கா. அன்றாடக் கடலுக்கு அது சரியான நீளம்தான்.

பெரியப்பா அன்று காலை பணியில் இருந்திருக்க வேண்டும். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கடல் ஏறியது என்று ஒப்புக்கொண்டால், ஏன் எச்சரிக்கைச் சங்கு ஊதவில்லை என்று கேட்பார்கள். என்னையும் சாட்சியாகச் சேர்த்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் தினமும் பாடம் நடத்துகிறார்.

"கடல் எப்படி இருந்துச்சு?"

"அமைதியா இருந்துச்சு பெரியப்பா."

"இன்னும் சத்தமா. நீ இப்படிச் சொன்னா உங்கப்பனுக்கு ரெண்டு வருஷத்தோட போயிடும். கத விட்டேன்னு வையி, எட்டு வருஷம். உன் இஷ்டம்."

இரவில் வாசலைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறார். நேற்று என் அறையில் வெளிச்சம் பார்த்துவிட்டு, "என்னடி எழுதுற?" என்றார். கணக்குப் பாடம் என்றேன். "கொண்டா பாப்போம்." நல்லவேளை, கணக்கு நோட்டு மேலேதான் இருந்தது. இந்தக் கடிதம் அதற்கு அடியில் இருந்தது.

டிங்கா

•

17 நவம்பர்

டிங்கா,

"ஒரே மடக்குல குடிச்சிட்டாங்கடா" என்று சொன்னது அப்பாதான். வேறு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்த இடத்தில் கடிதத்தை மூடிவிட்டு, கடைசிக் கப்பல் போகும்வரை வெளியே உட்கார்ந்திருந்தேன். ரொட்டி கேட்டார் என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மாவிடம் சொன்னேன்.

இனி வேலை.

கால் மணி நேர இடைவெளி என்று நீ எழுதியதுதான் வழிகாட்டியது; அப்படியானால் தண்ணீர் தொட்டில் போல ஆடியிருக்கிறது. கட்டுரைச் சுருக்கங்கள் மட்டும் அச்சாகி வரும் தொகுதிகளை, ஆண்டுக்கு ஒன்றாக, இங்கே அடுக்கியிருக்கிறோம். அவற்றின் பொருளடைவில் "விரிகுடா ஊசலாட்டம்" என்ற தலைப்பைத் தேடிப் பதினோரு ஆண்டுகளைப் புரட்டினேன். தலைமை நூலகர் அம்மையார் கேட்டார்: "என்னடி பெரினா, டாக்டர் பட்டம் வாங்கப்போறியா? அப்ப இந்தத் தூசியெல்லாம் யார் தட்டுறது?"

ஜப்பானில் ஒரு விரிகுடா. அதைப் பற்றிய ஒரு கட்டுரை. ஒன்று கிடைத்தால் போதும் என்பதை இங்கே வந்துதான் கற்றேன். அதன் கடைசிப் பக்கத்தில், அவர்கள் படித்த பழைய கட்டுரைகள் வரிசையாக இருக்கும். அதைப் பிடித்துப் பின்னால் போகலாம். யார் யார் பிறகு இதை மேற்கோள் காட்டினார்கள் என்று சொல்லத் தனியாக ஒரு தடித்த அட்டவணை இருக்கிறது. அதை வைத்து முன்னால் வரலாம். இப்படிச் சேர்ந்த இருபத்துமூன்று கட்டுரைகளில் நான்குதான் எங்களிடம் இருந்தன. மற்றவற்றுக்கு ட்ரியெஸ்ட் நூலகத்துக்குக் கடன் கேட்டு எழுதினேன். மூன்று வாரம் ஆயிற்று. ஒரு ஸ்பானியத் தீவின் துறைமுகத்திலும் இதே கதை. அங்குள்ள மீனவர்கள் அதற்குத் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

நாம் கடலின் இழுப்பறைகளில் தேடிக்கொண்டிருந்தோம். அந்த அலை "காற்றழுத்தம்" என்ற இழுப்பறையில் இருந்தது. காற்று வீசவே வேண்டாம். மேலே அழுத்தம் சட்டென்று கொஞ்சம் ஏறி, அந்த ஏற்றம் கடல் அலையின் வேகத்துக்குச் சமமாக நகர்ந்தால் போதும். நம்முடையதைப் போன்ற புனல் வடிவ விரிகுடா மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். படத்தின் நகலை இத்துடன் வைக்கிறேன். மேலே இருப்பது அழுத்தக் கோடு, கீழே கடல் மட்டம். அழுத்தக் கோட்டில் ஒரு பல் போல நிற்கிறதே, அதுதான்.

எங்கள் ஆய்வாளர் ஒருவரிடம் காட்டினேன். "நடந்திருக்கலாம். ஆனா அன்னிக்கு அந்தத் தீவுல அழுத்தம் எகிறுச்சுன்னு ஒரு பதிவு வேணும். இல்லன்னா ஜப்பான் கதை ஜப்பானோட நிக்கும்" என்றார்.

தீவில் காற்றழுத்தப் பதிவுக் கருவி இருப்பது உங்கள் பள்ளியில் மட்டும்தான். வாரத் தாள்கள் வானிலை அலுவலகம் வழியாக இங்கே வருகின்றன. ஜூன் 20 முதல் 27 வரைக்கான தாளை எடுத்துப் பார்த்தேன். கோடு வழுவழுவென்று போகிறது. புதன்கிழமை விடியலில் ஒரு நெளிவுகூட இல்லை. அடியில் உன் கையெழுத்து.

ஐந்து வாரம் தேடினேன் டிங்கா. உன்னை நம்பித் தேடினேன். காற்றும் அமைதியாகத்தான் இருந்திருக்கிறது. இனி எழுதாதே.

பெரினா

•

21 நவம்பர், திங்கள் இரவு

பெரினா அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பல்லை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

திங்கள்தோறும் கருவியின் உருளையிலிருந்து பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாள் சுற்றுவது என் வேலை. மே மாதம் மை சிந்திவிட்டேன். "இன்னொரு தாள் கெட்டுச்சுன்னா, கருவிச் சாவிய வச்சிட்டுப் போயிடு" என்றார் ஆசிரியர். ஜூன் 27 அன்று தாளை எடுத்தால் புதன் விடியலில் பேனா குதித்திருந்தது. மாமாவை அடக்கம் செய்து நாலு நாள்கூட ஆகவில்லை. அப்பா சிறையில். பையன்கள் வராந்தாவில் ஓடிக் கருவி அதிர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அத்தனை காலையில் எந்தப் பையன் பள்ளிக்கு வருவான் என்று யோசிக்கவில்லை. காற்றுக்கும் கடலுக்கும் முடிச்சு இருக்குமென்று எனக்கு யார் சொன்னார்கள்? "அப்பனுக்குக் கயித்த ஒழுங்கா கட்டத் தெரியல, மகளுக்குத் தாள ஒழுங்கா சுத்தத் தெரியல" என்று ஊர் பேசும், அது மட்டும்தான் மனதில் ஓடியது. புதுத் தாளை மேலே வைத்து, கண்ணாடி ஜன்னலில் ஒட்டி, அந்தப் பல்லை விட்டுவிட்டு மற்றதை அப்படியே வரைந்தேன். அதில்தான் கையெழுத்துப் போட்டேன்.

அப்பாவைப் பூட்டி வைத்திருப்பது பெரியப்பா மட்டுமில்லை. நானும்தான்.

உண்மையான தாளைக் கிழிக்கவில்லை. யார் கண்ணிலும் படக் கூடாதென்று, அப்போது கடன் வாங்கியிருந்த நண்டுகள் பற்றிய பச்சை அட்டைப் புத்தகத்தில் செருகினேன். மறுநாள் செவ்வாய், ஜூன் 28. பள்ளி மூடும் வாரம். புத்தகங்களை அள்ளிப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். அது உங்கள் நூலகத்துப் புத்தகம் அக்கா. யாரும் எடுக்காமல் இருந்தால் தாள் இன்னும் உள்ளேதான் இருக்கும். யாராவது உதறியிருந்தால் முடிந்தது. இப்போது நான் வேறொரு தாளில் வரைந்து கொடுத்தால் எந்த நீதிபதி நம்புவார்?

படத்தின் நகலைப் பெரியப்பா மெத்தைக்கடியில் கண்டெடுத்துவிட்டார். என்னவென்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் என் கண்ணெதிரே அடுப்பில் போட்டார். "இது என்னடி, ஜப்பான்காரன் கிறுக்கலா? இனிமே பெட்டியும் வேணாம், கருவியும் வேணாம். ஸ்கூல், வீடு. அவ்வளவுதான்." நாளையோடு பெட்டி வேறொருத்தியிடம் போகிறது. பதிலைப் புத்தகத்தில் வைக்காதீர்கள், அவர் கைக்குத்தான் போகும்.

டிசம்பர் 12 விசாரணைக்கு அவர்தான் என்னை நகரத்துக்கு அழைத்து வருகிறார். என் பக்கத்திலேயே உட்காருவார். என் கையில் ஒன்றுமே இல்லாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு "கடல் ஏறியது" என்று சொல்ல எனக்குத் தைரியம் வராது. எனக்கு என்னைத் தெரியும். அமைதியாக இருந்தது என்றுதான் சொல்லிவிடுவேன்.

வெறுத்தாலும் அந்தப் புத்தகத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

டிங்கா

•

நினைவூட்டல் அட்டை
கடன் பிரிவு, கடல் ஆய்வு நிலைய நூலகம்
30 நவம்பர் 1983

பெறுநர்: மாணவி டிங்கா, துறைமுக அதிகாரி ஜெர்கோ அவர்கள் வீடு

நூல்: நம் கரையோர நண்டுகள் (பச்சை அட்டை)

திரும்பி வந்ததாக முத்திரையிட்ட நாள்: 28 ஜூன் 1983. அதன்பின் எவருக்கும் கடன் தரப்படவில்லை.

மேற்படி நூலினுள் வாசகர் மறந்து விட்டுச் சென்ற பக்கக் குறி, தாள், ஒன்று. மடிப்பு உண்டு, சேதமில்லை. தலைமை நூலகர் முன்னிலையில் எடுக்கப்பட்டு, கண்டெடுத்த பொருள் பதிவேட்டில் எண்ணிட்டு, ஆய்வாளர் ஒருவரின் கையொப்பத்துடன் இரும்பு அலமாரியில் வைக்கப்பட்டுள்ளது.

விதிப்படி இத்தகைய பொருளைத் தபாலில் அனுப்புவதில்லை. உரியவர் கையில்தான் தர வேண்டும். தாங்கள் அடுத்து நகரத்துக்கு வரும்போது, தாங்கள் இருக்கும் இடத்துக்கே எங்கள் ஊழியர் பதிவேட்டுடன் நேரில் வந்து, வேலை முடியும்வரை தங்கள் அருகில் அமர்ந்திருப்பார். தாங்கள் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை.

அபராதம்: இல்லை.

பெரினா, சிமுன் மகள்
கடன் பிரிவு