முகமூடிக்குள் இருந்த மிசாவா

அன்பு மகளுக்கு,

உலகத்துக் கைபேசிகளில் பாதிக்கு நாங்கள்தான் திரை செய்தோம் என்று உன் காதைக் குடைவேனே, அந்த ஆலையை வெள்ளிக்கிழமை மூடிவிட்டார்கள்.

பிரிவு விருந்தில் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "புதுசா சேர்ந்தீங்களா?" என்றேன். கூட்டமே சிரித்தது.

"நல்லாக் கேட்டீங்க அண்ணே. தூசி, தூசின்னு இருபது வருஷமா உங்ககிட்ட திட்டு வாங்குற மிசாவா நான்தான்."

தூசி புகாத அறையில், கண் மட்டும் தெரியும் உடுப்பிலேயே பார்த்தவனுக்கு முகம் எப்படித் தெரியும்?

அவளும் நான்கு பேரும் மருத்துவக் கருவிகளுக்குத் திரை செய்யப் பட்டறை தொடங்குகிறார்கள். "திட்டுறதுக்கு ஆள் வேணும், வர்றீங்களா?" என்றாள். ஐம்பத்தெட்டு வயதில் வெட்கமில்லாமல் உடனே தலையாட்டிவிட்டேன்.

ஆலை மூடினால் வந்துவிடுங்கள் என்று நகோயாவில் எனக்காக ஒழித்து வைத்தாயே ஓர் அறை, அதில் மாப்பிள்ளை தன் தூண்டில்களைத் திரும்ப வைத்துக்கொள்ளட்டும். கோபித்துக்கொள்ளாதே. திங்கட்கிழமை காலை எனக்கு வேலை இருக்கிறது.

உன் அப்பா